காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ: மத்தேயு 5:23-24 குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவிருந்துக்கு (அப்பமும் ரசமும் பெறும் ஆராதனை, பந்தி என்றும் சொல்வோம்) முந்தின நாள் ஆயத்த ஆராதனையில் இந்த வசனம் பெரும்பாலும் காதில் விழுந்துவிடும். கேட்டுப் பழகியதாலேயே அது என்ன சொல்கிறது என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். சபையில் இளைஞர்களும், பந்திக்குப் போகலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் பெரியவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். நான் இறையியல் பட்டம் வாங்கியவன் அல்லன். ஞாயிறு பள்ளியில் பல வருடம் பாடம் எடுத்தவன், அவ்வளவுதான்.

வசனத்தின் முழு வாசகம் என்ன?

"ஆகையால், நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்த வந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில், அங்கேதானே பலிபீடத்தின் முன் உன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து."

மலைப்பிரசங்கத்தில் வருவது. இதற்கு முந்தைய வசனங்களில் இயேசு கொலையைப் பற்றிப் பேசுகிறார். "கொலை செய்யாதிருப்பாயாக" என்ற கட்டளையை எடுத்து, கோபத்தையும், சகோதரனை "வீணன்" என்றும் "மூடனே" என்றும் ஏசுவதையும் அதே வரிசையில் நிறுத்துகிறார். "ஆகையால்" என்ற சொல் அந்தப் பேச்சின் தொடர்ச்சி. நாம் பெரும்பாலும் அந்த "ஆகையால்" என்பதை விட்டுவிட்டுத்தான் வாசிக்கிறோம்.

நமக்கு யார்மேலாவது வருத்தம் இருந்தால் மன்னித்துவிட்டு வர வேண்டும் என்பதுதானே இதன் பொருள்?

அல்ல. என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். மேடையிலிருந்தே இதைத் தலைகீழாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "உங்கள் உள்ளத்தில் யார்மேலாவது கசப்பு இருக்கிறதா? இப்போதே மன்னித்துவிடுங்கள்" என்பார்கள். நல்ல உபதேசம்தான். ஆனால் அது வேறொரு வசனம். மாற்கு 11:25-இல், நின்று ஜெபம் பண்ணும்போது ஒருவன்பேரில் உங்களுக்குக் குறை இருந்தால் மன்னியுங்கள் என்று வருகிறது. அங்கே காயப்பட்டவர் நாம். நின்ற இடத்திலேயே மன்னித்துவிட முடியும், ஓர் அடிகூட எடுத்து வைக்க வேண்டியதில்லை.

மத்தேயுவில் திசை வேறு. குறை இருப்பது அவனுக்கு. அது இருப்பது என்மேல். நான் எனக்குள் எவ்வளவு துழாவினாலும் அந்தக் குறை அங்கே அகப்படாது, ஏனென்றால் அது அவன் வீட்டில் இருக்கிறது. என் மனம் தெளிவாகவும் அமைதியாகவும் இருக்கலாம். ஏமாற்றியவன் நிம்மதியாகத் தூங்குவதும் ஏமாந்தவன் விழித்துக் கிடப்பதும் உலகத்தில் நடப்பதுதானே? ஆகவேதான் "உன் உள்ளத்தைப் பார்" என்று சொல்லாமல், "போ" என்கிறது வசனம்.

"அவன் வீணாக என்மேல் குறைப்படுகிறான், அதற்கு நான் என்ன செய்ய?" என்று கேட்பவர்களும் உண்டு. குறை நியாயமானதா இல்லையா என்று வசனம் பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் இதே சொற்கட்டு வெளிப்படுத்தின விசேஷம் 2:4-இல் வருவதைக் கவனிக்கலாம். எபேசு சபையைப் பார்த்து ஆண்டவர், "நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய் என்று உன்பேரில் எனக்குக் குறை உண்டு" என்கிறார். அது கற்பனைக் குறை அல்ல, காரணமுள்ள குறை. இங்கேயும் முதலில் எண்ண வேண்டியது அப்படிப்பட்ட குறையைத்தான் என்பது என் கருத்து. பலிபீடத்தின் முன் நிற்கும்போது சட்டென்று நினைவுக்கு வருவது எது? அநேகமாக நாம் செய்து மறந்த ஒன்றுதான். பிறர் வீணாகச் சொன்ன பழி நமக்கு ஒருநாளும் மறப்பதே இல்லை.

"ஒப்புரவாகி" என்றால் என்ன? சமாதானம் ஆவதும் அதுவும் ஒன்றா?

கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனாலும் அந்தச் சொல்லுக்கு ஒரு கதை இருக்கிறது. கிரேக்க மூலத்தில் இங்கே வரும் வினைச்சொல் "தியல்லாஸ்ஸொமாய்". புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. "தேவனோடே ஒப்புரவாகுங்கள்" என்று பவுல் 2 கொரிந்தியர் 5:20-இல் எழுதும்போது அதன் உறவுச்சொல்லான "கத்தல்லாஸ்ஸோ"வைப் பயன்படுத்துகிறார். இரண்டுக்கும் அடிச்சொல் ஒன்று: மாற்றுதல், ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பெறுதல். பகையைக் கொடுத்து நட்பை வாங்குவது என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் "ஒப்புரவு" கிறிஸ்தவர்கள் உண்டாக்கிய சொல் அல்ல. திருக்குறளின் 22-ஆம் அதிகாரமே "ஒப்புரவறிதல்". அங்கே அதன் பொருள், உலகத்தோடு ஒத்து வாழ்ந்து பிறருக்கு உதவுதல். "ஒத்த தறிவான் உயிர்வாழ்வான் மற்றையான் செத்தாருள் வைக்கப் படும்" என்கிறது ஒரு குறள். வேத மொழிபெயர்ப்பாளர்கள் அந்தப் பழைய சொல்லை எடுத்து, பிரிந்தவர் மீண்டும் ஒத்துப்போவதற்குப் பொருத்தினார்கள். கத்தோலிக்கர்கள் முன்பு பாவசங்கீர்த்தனம் என்று சொல்லிவந்ததை இன்று "ஒப்புரவு அருட்சாதனம்" என்கிறார்கள்.

கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் இதே வசனத்தில் "குறை" இருக்கும் இடத்தில் "மனத்தாங்கல்" என்றும், "ஒப்புரவாகி" இருக்கும் இடத்தில் "நல்லுறவு" என்றும் வரும். "மனத்தாங்கல்" எனக்குப் பிடித்த சொல். சண்டை போட்டவர்களுக்குள் மட்டுமல்ல, சண்டையே போடாமல் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டவர்களுக்குள்ளும் இருப்பது அது.

காணிக்கையைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது நடக்கிற காரியமா?

இயேசு இதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்தது எருசலேமில். கலிலேய யூதருக்குப் பக்கத்தில் வேறு பலிபீடம் இல்லை. கப்பர்நகூமிலிருந்து எருசலேம் நூறு கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவு. சமாரியா வழியாக நடந்தால் மூன்று நாளில் போய்ச் சேரலாம் என்று அக்காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். சமாரியாவைத் தவிர்த்துச் சுற்றிப் போனால் இன்னும் கூடும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு வசனத்தை மறுபடி வாசியுங்கள். ஒரு கலிலேய விவசாயி ஆட்டுக்குட்டியோடு மூன்று நாள் நடந்து வந்திருக்கிறான். ஆலயத்தில் ஆண்கள் நின்ற முற்றம் பதினோரு முழ அகலமே கொண்ட நீண்ட திண்ணை போன்றது என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. அதற்கு அப்பால் ஆசாரியரின் முற்றம், பலிபீடம், புகை. மிருகத்தின் தலைமேல் கைவைக்கிற நேரம். அப்போது ஊரில் இருக்கும் தம்பியின் முகம் நினைவுக்கு வருகிறது. "இதோ, இந்த ஆட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, மூன்று நாள் திரும்பி நடந்து, தம்பியைக் கண்டு, மறுபடி மூன்று நாள் நடந்து வர வேண்டும். அதற்குள் அந்த ஆட்டுக்குத் தீனி போடுவது யார்?

கேட்டுக்கொண்டிருந்த கலிலேயர் சிரித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஊசியின் காதில் ஒட்டகம், கண்ணில் உத்திரம் என்று பேசுகிற அதே வாய்தான் இது. ஆட்டைக் கட்டிப்போடுவதற்கு இது நடைமுறை விதியல்ல. எது முந்தியது, எது பிந்தியது என்பதை மறக்க முடியாதபடி காட்டுகிற படம். "முன்பு", "பின்பு" என்ற இரண்டு சொற்களில்தான் வசனத்தின் எடை முழுவதும் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. எருசலேம் ஆலயம் கி.பி. 70-இல் ரோமரால் இடிக்கப்பட்டது. மத்தேயு சுவிசேஷம் அதற்குப் பிறகே எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அப்படியானால் இதை முதலில் வாசித்தவர்களுக்குப் பலிபீடமே இல்லை. இருந்தும் இந்த வசனத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

இது இயேசு புதிதாகச் சொன்னதா, பழைய ஏற்பாட்டில் உண்டா?

உண்டு. லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களைப் பாருங்கள். அயலானை ஏமாற்றி ஒன்றை எடுத்துக்கொண்டவன் முதலைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆட்டுக்கடாவைக் குற்றநிவாரண பலியாகக் கொண்டுவருவது. வரிசை அதேதான்: முதலில் அயலான், பிறகு பலிபீடம். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவும் இதையே சொல்கிறது. மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான பாவத்தைப் பாவநிவாரண நாள் நிவிர்த்தி செய்யும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலானதை, அவன் தன் அயலானைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளும் நிவிர்த்தி செய்யாது.

யூதச் சமயம் வெறும் சடங்கு, இயேசுதான் இருதயத்தைக் கொண்டுவந்தார் என்று சிலர் பிரசங்கிப்பது சரியல்ல. அவர் தம் முன்னோரின் வேதத்திலிருந்தே பேசினார்.

இன்னும் பின்னால் போனால் காயீன். வேதத்தின் முதல் காணிக்கை, முதல் கோபம், முதல் கொலை மூன்றும் ஆதியாகமம் 4-ஆம் அதிகாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கொலையில் தொடங்கி, கோபத்துக்கு வந்து, சகோதரனைச் சொல்லி, காணிக்கையில் முடிக்கிற இயேசு காயீனை நினைத்திருக்க மாட்டார் என்று நம்புவது எனக்குக் கடினம். காயீன் பலிபீடத்திலிருந்து சகோதரனிடம் போனான், கொல்வதற்காக. இங்கே அதே வழியில் ஒருவனை அனுப்புகிறார், வேறு காரியத்துக்காக.

மன்னிப்புக் கேட்டால் போதுமா? நஷ்டத்தையும் ஈடுகட்ட வேண்டுமா?

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்கிறேன். எனக்கும் பெரியப்பா மகனுக்கும் ஒரே கிணறு. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவோம். ஒரு கோடையில் அண்ணன் ஊரில் இல்லாத இரண்டு வாரம், அவர் முறை நாட்களிலும் நான் மோட்டாரைப் போட்டுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. அவர் திரும்பி வந்தபோது வாழையில் அறுபது கன்று காய்ந்து போயிருந்தது. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. வரப்பில் எதிரே வந்தால் அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு போவார். ஒரே கோயிலில் அவர் இடது பக்கம், நான் வலது பக்கம். நான்கு வருடம் இப்படியே போயிற்று. அந்த நான்கு வருடமும் நான் தவறாமல் பந்திக்குப் போனேன்.

ஒரு சனிக்கிழமை ஆயத்த ஆராதனையில் உபதேசியார் இந்த வசனத்தை வாசித்தார், விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஏனோ அன்று அந்த "உன்பேரில்" காதில் விழுந்தது. வீட்டுக்குப் போகாமல் அப்படியே அண்ணன் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து சைக்கிள் ட்யூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். வாளித் தண்ணீரில் ட்யூபை அமுக்கி, குமிழி வரும் இடத்தைத் தேடிக்கொண்டே, "உட்கார்" என்றார், தலையைத் தூக்கவில்லை. மதினி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவருகே நின்றார்கள். நான் வருத்தம் தெரிவித்தேன். ட்யூபை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அண்ணன் கேட்டார்: "அந்த அறுபது வாழைக்கு என்ன சொல்கிறாய்?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "பரவாயில்லை தம்பி" என்ற பதிலுக்குத்தான் தயாராக வந்திருந்தேன். பிறகு யோசித்தால், லேவியராகமம் கேட்கிற கேள்வியும் அதுவே. சகேயு "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று லூக்கா 19-இல் சொல்வதும் இந்தக் கேள்விக்கான பதில்தான். முதலையும் ஐந்தில் ஒரு பங்கையும் கணக்குப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலை எண்ணி வாங்கிக்கொண்டு மீதியைத் திருப்பி என் சட்டைப் பையில் வைத்தார். "மன்னித்துவிட்டேன்" என்று இன்றுவரை சொன்னதில்லை. அடுத்த முறை பந்தி முடிந்து வெளியே வந்தபோது, "மோட்டாரில் சத்தம் மாறியிருக்கிறது, பார்த்தாயா?" என்றார்.

திருப்பிக் கொடுக்கக்கூடியது இருந்தால் கொடுங்கள். கெட்டுப்போனது பேராக இருந்தால், எந்த ஆட்களிடம் அவதூறு சொன்னீர்களோ அதே ஆட்களிடம் போய்த் திருத்திச் சொல்லுங்கள். தனியாக மன்னிப்புக் கேட்பதைவிட அது நூறு மடங்கு கடினம்.

வாட்ஸ்அப்பில் மன்னிப்புச் செய்தி அனுப்பினால் போதாதா?

தூரதேசத்தில் இருப்பவருக்கு வேறு வழியில்லை. தொலைபேசியில் குரலாவது கேட்கட்டும். அடுத்த தெருவில் இருப்பவருக்குக் கைகூப்பும் படம் அனுப்புவதைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை. வருடப் பிறப்பன்று எல்லாருக்கும் மொத்தமாக அனுப்பும் "தெரிந்தோ தெரியாமலோ" செய்தியும் அந்த வகைதான்.

என்மேல் ஒருவருக்குக் குறை இருக்கிறது. ஒப்புரவாகும்வரை பந்திக்குப் போகாமல் இருக்கலாமா?

பலர் அப்படித்தான் செய்கிறார்கள். சிலர் வருடக்கணக்கில். அதில் ஒரு பயபக்தி இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் வசனத்தின் கடைசி வார்த்தையைப் பாருங்கள்: "பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து." காணிக்கையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லவில்லை. அது பலிபீடத்தின் முன்னேயே இருக்கிறது, திரும்பி வருவாய் என்பதற்கு அடையாளமாக. பந்திக்குப் போகாமல் இருப்பது ஒப்புரவுக்கு மாற்று ஆகாது. பந்தியையும் விட்டு, சகோதரனிடமும் போகாமல் இருந்தால் இரண்டும் கெட்டது.

"தன்னைத்தானே சோதித்தறிந்து" புசிக்க வேண்டும் என்ற 1 கொரிந்தியர் 11:28-ஐக் காட்டிப் பயமுறுத்துபவர்களும் உண்டு. அந்தப் பகுதியை 21-ஆம் வசனத்திலிருந்து வாசித்தால் பவுலின் கோபம் எதைப் பற்றியது என்பது தெரியும். கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்று குடித்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். 33-ஆம் வசனத்தில் அவர் சொல்லும் பரிகாரம் "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்". அங்கேயும் சோதித்தறிதல் பக்கத்தில் இருப்பவனைப் பற்றியதாகவே முடிகிறது.

ஆதித் திருச்சபை இதை எப்படிக் கடைப்பிடித்தது?

வியப்பூட்டும் அளவுக்கு நேரடியாக. "திதக்கே" என்னும் மிகப் பழைய சபை ஒழுங்கு நூல், தன் தோழனோடு பிணக்கு உள்ளவன் ஒப்புரவாகும்வரை கர்த்தருடைய நாள் கூட்டத்தில் சேரக் கூடாது, பலி தீட்டுப்படாதிருக்கட்டும் என்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் சீரியா பகுதியில் எழுந்த "திதஸ்காலியா" இன்னும் சுவையானது. சபையாரின் வழக்குகளைக் கண்காணிகள் (ஆயர்கள்) திங்கட்கிழமை விசாரிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. எதற்குத் திங்கள்? தீர்ப்பை ஏற்காமல் யாராவது முறுக்கிக்கொண்டால், ஞாயிறு வருவதற்குள் பேசிச் சரிசெய்ய ஒரு வாரம் இருக்குமே! குடும்பத் தகராறுகளைப் பேசித் தீர்த்துப் பழகிய யாரோ எழுதியது அது.

நான்காம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் சிரில், திருவிருந்துக்கு முன் சபையார் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் சமாதான முத்தத்தை விளக்கும்போது இந்த வசனத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறார். கீழைத் திருச்சபைகளில் அந்தச் சமாதானம் காணிக்கை ஜெபத்துக்கு முன்பே வருகிறது. ரோமன் கத்தோலிக்கத் திருப்பலியில் அப்பம் வாங்குவதற்குச் சற்று முன். கேரளத்தின் மலங்கரை சீரிய சபைகளில் பெரிய நோன்பின் முதல் திங்களன்று "ஷுப்கோனோ" என்று ஒரு தனி ஆராதனையே உண்டு. ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுத்தான் நோன்புக்குள் போவார்கள்.

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவானபோது வெவ்வேறு மரபுச் சபைகள் ஒன்றாயின. 1950-இல் அது வகுத்த திருவிருந்து ஒழுங்கில் இந்தச் சமாதானத்தைக் காணிக்கைக்கு முன்னால், அதாவது மத்தேயு சொன்ன அதே இடத்தில் வைத்தார்கள். முறையைக் கேரளச் சீரியக் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கையைச் சேர்த்து, இருவரும் இடக்கையால் மற்றவர் கையை மூடுவது. இன்று பல இடங்களில் அது அவசரமான கைகுலுக்கலாகவோ தலையசைப்பாகவோ சுருங்கிவிட்டது. போதாக்குறைக்கு, நாம் கைநீட்டுவது எப்போதும் பக்கத்தில் இருப்பவரிடம். மனத்தாங்கல் உள்ளவர் மூன்று பெஞ்சு தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்.

போய்க் கேட்டும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அல்லது இறந்துபோயிருந்தால்?

"கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று ரோமர் 12:18-இல் பவுல் இரண்டு தரம் அளந்து சொல்கிறார். கதவைத் தட்டுவது உங்கள் பங்கு. திறப்பது அவர் பங்கு. திறக்காத கதவை நாள்தோறும் போய் இடிப்பதும் ஒருவகைத் தொல்லைதான்.

சகோதரன் கடலுக்கு அப்பால் இருந்தால் என்ன செய்வது என்று ஆதித் திருச்சபையின் ஆயர் அகஸ்தீனும் யோசித்திருக்கிறார். உடலின் கால்களால் அல்ல, மனத்தின் அசைவால் போய் அவன்முன் விழு என்பது அவர் பதில். இறந்தவர் விஷயத்தில் இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. அவருக்குக் கடன்பட்டிருந்தால் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

என்னை அடித்துத் துன்புறுத்தியவரிடம் நான் போய் ஒப்புரவாக வேண்டும் என்கிறார்களே?

இந்த வசனத்தைக் காட்டி அப்படிச் சொன்னால், சொல்பவர் வசனத்தை வாசிக்கவில்லை. நடக்கச் சொல்லியிருப்பது குறைக்குக் காரணமானவனை. காயப்பட்டவளைப் பலிபீடத்திலிருந்து எழுப்பி, அடித்தவன் வீட்டுக்கு அனுப்பும் ஒரு சொல்லும் இதில் இல்லை. "நீங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள், நீங்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்" என்று பெண்களிடம் சமாதானம் பேசப் போகும் மூப்பர்கள், முதலில் அந்த ஆணின் காணிக்கையை நிறுத்திவைத்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். உயிருக்கோ பிள்ளைகளுக்கோ ஆபத்து இருந்தால் விலகி இருப்பதும், சட்ட உதவி தேடுவதும் பாவமல்ல.

மத்தேயு 18:15, குற்றஞ்செய்தவனிடம் தனித்துப் போய் உணர்த்து என்கிறதே என்பார்கள். அதற்கு அடுத்த வசனமே, அவன் கேளாவிட்டால் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போ என்கிறது. அதற்கும் அடுத்தது சபைக்குத் தெரிவி என்கிறது. மூடி மறைக்கச் சொல்லவில்லை.

தனி மனிதர்களுக்குள் மட்டும்தானா? ஒரு கூட்டத்துக்கே நம்மேல் குறை இருந்தால்?

தமிழ்ச் சபைகளுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஒரே பாத்திரத்தில் பருக மாட்டோம், சேர்ந்து உட்கார மாட்டோம் என்ற சாதி வழக்கம் சுவிசேஷம் வந்த நாள் முதல் கூடவே வந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு உடனே, முழுவதுமாக, இனி இல்லாதபடி விடப்பட வேண்டும் என்று எழுதியனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் ஏற்க மறுத்துச் சபையைவிட்டு வெளியேறினார்கள். திருநெல்வேலிப் பகுதியிலுள்ள வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிவாரியாகப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். பலிபீடத்தின் முன்னேயே, குறையுள்ள சகோதரன் சுவருக்கு மறுபக்கம் நின்றுகொண்டிருக்கிறான். நினைவுகூர வேண்டிய அவசியமே இல்லை, குரல் கேட்கிறது. மூன்று நாள் நடக்க வேண்டாம், பத்தடி போதும். கலிலேயனுக்கு இருந்த சாக்குகள் ஒன்றுகூட அவர்களுக்கு இல்லை. சுவர்கள் போய்விட்டன. கல்லறைத் தோட்டங்களிலும் பெண் எடுப்பதிலும் கொடுப்பதிலும் சபைத் தேர்தல்களிலும் என்ன நிற்கிறது என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

சரி, போகிறேன். போய் என்ன பேசுவது?

லூக்கா 15-இல் இளைய குமாரன் பன்றிகளுக்கு நடுவிலேயே தன் பேச்சைத் தயார்செய்துகொள்கிறான்: "தகப்பனே, பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும் பாவஞ்செய்தேன்." அதோடு, இனி உம்முடைய மகன் என்று சொல்லப்படத் தகுதியில்லை, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்று சேர்த்துக்கொள்கிறான். வீட்டுக்கு வந்து பேசும்போது கடைசிப் பகுதி வருவதில்லை. தகப்பன் அதற்குள் வேலைக்காரரைக் கூப்பிட்டு வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். எல்லாருக்கும் அப்படிப்பட்ட வரவேற்பு கிடைக்காது. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கும் அண்ணன்தான் கிடைப்பார்.

ஆனால் அந்தப் பேச்சின் அமைப்பைக் கவனியுங்கள். பஞ்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தன்னைக் கெடுத்த கூட்டாளிகளைப் பற்றி இல்லை. அண்ணனின் குணத்தைப் பற்றி இல்லை. செய்ததைச் செய்தேன் என்று சொல்லி நிறுத்திவிடுகிறான். நான் திண்ணையில் உட்கார்ந்து, "உங்கள் முறைத் தண்ணீரை நான் எடுத்தது தப்பு அண்ணே, ஆனால் அந்த வருடம் எனக்கும்…" என்று ஆரம்பித்தேன். அந்த "ஆனால்" வந்ததும் ட்யூப் மறுபடி வாளிக்குள் போயிற்று. அதை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் இரண்டாம் தரம் சொன்ன பிறகுதான் வாழையைப் பற்றிக் கேட்டார்.